முப்பத்தொன்றரை இன்ச்

சமையலறையை உடைத்துப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று முதலில் சொன்னது மிருதுளாதான். இதை அவள் பிற்பாடு அடிக்கடி தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டில் வேறு யாருக்கும் அது நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

மாடம்பாக்கத்தில் அவள் மாமனார் வைத்தீஸ்வரன் கட்டிய வீடு அது. கட்டி இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. சிங்க்குக்குக் கீழே இருந்த கதவு தண்ணீரில் ஊறி உப்பி, மூடவும் மாட்டேன் திறக்கவும் மாட்டேன் என்று பாதியில் நிற்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் தெருவையே கூட்டுகிற சத்தத்தோடு சுற்றும்; புகை மட்டும் நேராக ஹாலுக்கு வரும். மிருதுளாவுக்குப் பெருங்குடியில் சாஃப்ட்வேர் வேலை. தினமும் காலையில் ஆபீஸ் வண்டி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி நகராமல் நிற்கும்போது, கூட வருகிறவர்களில் சிலர் தூங்குவார்கள், சிலர் பறவை பார்ப்பார்கள். இவள் போனில் அடுப்படி பார்ப்பாள். இழுத்தால் வெளியே வருகிற கூடை, இடித்துச் சாத்தினாலும் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிற டிராயர், மூலையில் சுழலும் தட்டு. எட்டு மாதம் இப்படிப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அறிவித்தாள், இந்த வருஷம் கிச்சன் என்று.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்தச் சமையலறையில் மிருதுளா சமைப்பதில்லை. சமைப்பவள் அருள்மேரி.

அருள்மேரிக்கு ஐம்பத்திரண்டு வயது. உயரம் நாலடி பத்து அங்குலம், அதுவும் கொண்டையோடு சேர்த்து. அகரம்தென் போகிற வழியில், மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. காலை ஆறரைக்கு வந்து, சிற்றுண்டியும் மதியச் சமையலும் முடித்துவிட்டுப் போவாள். மாலை மறுபடி வந்து ராத்திரிக்குச் செய்து வைப்பாள். ஆறு வருஷமாக இப்படித்தான். அவள் சேர்ந்த புதிதில், பெயரைக் கேட்டுவிட்டு வைத்தீஸ்வரன் ஒரு வாரம் மோர் சாதம் மட்டும் தானே பிசைந்து சாப்பிட்டார். எட்டாம் நாள் அவள் வைத்த வற்றல்குழம்பின் வாசனை அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிக்கொண்டு வந்தது. இப்போது அவள் ஒரு நாள் வராவிட்டால், காலண்டரைப் பார்த்து, இன்றைக்கு என்ன விசேஷம், ஏன் வரவில்லை என்று பத்துத் தடவை கேட்பார்.

மாமனாராவது பரவாயில்லை. கணவன் ஷ்யாம்சுந்தர், மார்க்கெட்டில் நின்றுகொண்டு, என்ன காய் வாங்குவது என்று அருள்மேரிக்குத்தான் போன் பண்ணுவான். பத்து வயது மகள் சஹானா, ஸ்கூல் வேனிலிருந்து இறங்கி செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "ஆன்ட்டி, இன்னிக்கு என்ன?" என்று கத்திக்கொண்டு ஓடி வருவாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாட்களில் மிருதுளா மாடியில் கணினியின் முன்னால் உட்கார்ந்து அந்தக் கத்தலைக் கேட்பாள். குழந்தைக்குப் பசி என்றால் அவளுக்கு நினைவு வருகிற முகம் தன்னுடையது இல்லை என்பதையும் கேட்பாள்.

பொறாமை என்ற சொல்லை மிருதுளா அப்போது உபயோகிக்கவில்லை. படித்தவர்கள் அதற்கு வேறு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். "எனக்கு என் வீட்லயே ஸ்பேஸ் இல்லடி" என்று ஆபீஸ் தோழியிடம் சொன்னாள். நாம் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடலாம்: வயிறு எரிந்தது. தன்னிடம் சம்பளம் வாங்குகிறவளைப் பார்த்து எரிந்தது. அதனால் இரட்டிப்பாக எரிந்தது. சர்க்கரை டப்பா எங்கே என்று தன் சமையலறையில் தானே இன்னொருத்தியைக் கேட்க வேண்டியிருந்தது. அருள்மேரியும் மரியாதையாகத்தான் எடுத்துக் கொடுப்பாள். அந்த மரியாதையில்தான் இன்னும் கொஞ்சம் எரியும்.

புதுச் சமையலறை வந்தால் இதெல்லாம் மாறிவிடும் என்று மிருதுளா நம்பினாள். அவள் யோசித்தது, அவள் தேர்ந்தெடுத்தது, அவள் உயரத்துக்கும் கைக்கும் அமைந்தது என்று ஒன்று வந்துவிட்டால், தினமும் காலையில் ஒரு அரை மணியாவது தானே நின்று செய்வாள். பிறகு குழந்தை தன்னைத் தேடி அங்கே வருவாள். ரகசியமாக அவள் போட்டு வைத்திருந்த திட்டம் இவ்வளவுதான்.

வேலைக்கு வந்தவர் கேசவன். படப்பையில் பட்டறை வைத்திருக்கிற கார்பெண்டர், ஐம்பத்தைந்து வயதுக்காரர். அவரிடம் நோட்டுப் புத்தகம் கிடையாது. எடுக்கிற அளவு எல்லாவற்றையும், காதில் செருகியிருக்கும் தட்டைப் பென்சிலால் சுவரிலேயே எழுதிவிடுவார். கோடு இழுத்து, பக்கத்தில் எண் போட்டு, அது எதற்கான அளவு என்பதையும் எழுதுவார். பழைய அலமாரிகளையும் கடப்பைக் கல்லையும் பெயர்த்துப் போட்ட பிறகு அந்த வெறும் சுவர்தான் அவருக்குக் கணக்கு வழக்கு எல்லாம். "நோட்டு தொலஞ்சிடும் மேடம், செவுரு எங்க போயிடும்?" என்பார்.

அளவெடுக்க வந்த அன்று சஹானாவுக்குப் பள்ளி விடுமுறை; மிருதுளாவும் ஷ்யாம்சுந்தரும் லீவு போட்டிருந்தார்கள். மிருதுளா போனில் சேர்த்து வைத்த படங்களையெல்லாம் காட்டினாள். கேசவன் பொறுமையாகப் பார்த்துவிட்டு டேப்பை இழுத்தார்.

"மொதல்ல மேடை ஒசரம். யாரு மேடம் இங்க நின்னு சமைக்கறது? அவங்க முழங்கையை வெச்சுதான் ஒசரம் போடணும். இல்லன்னா தோள்பட்டை போயிடும்."

மிருதுளா வாயைத் திறந்தாள்.

"அருள்மேரிம்மா," என்றான் ஷ்யாம்சுந்தர், ஹாலிலிருந்து.

"ஆன்ட்டிதான்!" என்றாள் சஹானா.

"அவளையே கூப்பிட்டு நிறுத்துங்க," என்றது வைத்தீஸ்வரன் கையிலிருந்த செய்தித்தாள்.

பின்பக்கத்தில், தற்காலிக அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்த அருள்மேரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பின்வாங்கினாள். "என்ன எதுக்கு சார்? மேடத்த நிக்க வெச்சு எடுங்க. அவங்க வூடு."

"அம்மா சண்டே மட்டும்தானே சமைப்பா," என்றாள் சஹானா. குழந்தை பொய் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சமையலை எல்லோரும் எவ்வளவு அடக்கமாகச் சாப்பிடுவார்கள் என்பது மிருதுளாவுக்கும் தெரியும்.

அருள்மேரி சுவரோரம் நின்று முழங்கையை மடக்கினாள். கேசவன் தரையிலிருந்து டேப்பை ஏற்றினார். "முப்பத்தஞ்சரை. மேடை அதுக்குக் கீழ நிக்கணும்; நாலு இன்ச் கழிச்சா முப்பத்தொன்றரை." கோடு போட்டார். அருள்மேரிக்கு வெட்கம் தாங்கவில்லை. "டெய்லர வுட்டா இதுவரிக்கும் என்ன யாரும் அளந்ததே இல்ல," என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மிருதுளாவும் உதட்டை இழுத்து ஒரு சிரிப்பைக் காட்டினாள்.

அது அதோடு நிற்கவில்லை. அடுப்பு எந்தப் பக்கம் வேண்டும் என்று அருள்மேரியைக் கேட்டார்கள். அஞ்சறைப் பெட்டி டிராயர் எந்த உயரத்தில் என்று கேட்டார்கள். மிருதுளா எட்டு மாதமாகக் கனவு கண்ட சந்தன வெள்ளைக் கதவுகளுக்கு, "மஞ்சக் கறை புட்சா போவாது மேடம், நாலு மாசத்துல பேஜாராய்டும்," என்று அவள் ஒரு வார்த்தை சொன்னாள். ஷ்யாம்சுந்தர் உடனே, "கரெக்ட்தானே மிது? டார்க் கிரீன் போட்டுடலாம்," என்றான். கடைசியில் அந்தச் சமையலறையில் மிருதுளா தேர்ந்தெடுத்தது என்று மிஞ்சியது, சமையலறையை மாற்றலாம் என்ற யோசனை ஒன்றுதான்.

மத்தியானம் மூன்று மணிக்கு வீடு அடங்கியது. கேசவன் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். கதவுகளுக்கான பலகை அறுக்க நாலு நாள் ஆகும், அதற்குள் கொத்தனார் மாரி வந்து கோட்டின்படி மேடையைக் கட்டி கல்லைப் பதித்துவிடுவார் என்று ஏற்பாடு. அருள்மேரி வீட்டுக்குப் போயிருந்தாள். ஷ்யாம்சுந்தர் சஹானாவை வெளியே கூட்டிப்போயிருந்தான். மாமனார் தூக்கம். மிருதுளா வெறும் சமையலறையில் போய் நின்றாள்.

சுவர் முழுக்க எழுத்து. 'சிங்க்', 'கேஸ் பைப்', 'மிக்ஸி பிளக்'. இவற்றுக்கெல்லாம் கீழே, கொஞ்சம் பெரிதாக, ஒரு நீளக் கோடு. அதன் மேல் கேசவன் எழுதியிருந்தார்: 'அருள்மேரி 31½'.

நாலு சுவரிலும் தேடினாள். தன் பெயர் எங்கேயும் இல்லை.

கோட்டின் அருகில் நின்று முழங்கையை மடக்கிப் பார்த்தாள். அவள் ஐந்தடி ஐந்து அங்குலம். அந்தக் கோடு எங்கேயோ கீழே கிடந்தது. அங்கே மேடை வந்தால் அவள் குனிந்துதான் நிற்க வேண்டும், தன் வீட்டில், தன் அடுப்பின் முன்னால், ஆயுள் முழுக்க. ஒரு நாலு இன்ச் மேலே ஏற்றினால் போதும், அவளுக்குச் சரியாக இருக்கும். இதை வெளிப்படையாகச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். கேட்டால் ஷ்யாம்சுந்தர் என்ன சொல்வான்? "நீ எங்க மிது சமைக்கப் போற?" என்பான், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை அவளால் இன்னொரு தடவை தாங்க முடியாது.

சஹானாவின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து வந்தாள். ஒன்றை அழித்து ஐந்தாக்கினாள். கோட்டை அழித்து, நாலு இன்ச் மேலே, மர ஸ்கேலை வைத்து நேராக இழுத்தாள். 'அருள்மேரி' என்ற பெயரையும் அழித்து மேலே எழுதினாள், கேசவனுடைய கையெழுத்து மாதிரியே. அந்தப் பெயரை எழுதத்தான் நேரம் பிடித்தது. மற்றதெல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

மாரி வந்தார், கோட்டைப் பார்த்தார், கட்டினார். கறுப்பு கிரானைட் வந்து உட்கார்ந்தது. சுவரில் டைல்ஸ் ஒட்டியதும் கேசவனின் கணக்கெல்லாம் அதற்குள் மறைந்துபோயிற்று.

ஐந்தாம் நாள் கேசவன் கதவுகளோடு வந்தார். மேடையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். டேப்பை வைத்தார். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"மாரி, முப்பத்தஞ்சரை கீதே?"

"நீ போட்ட கோடுதான்ணா. முப்பத்தஞ்சரைனு எழுதியும் வெச்சிருந்த. மேரியம்மா பேரு போட்டு."

கேசவன் நெற்றியைத் தேய்த்தார். முழங்கை முப்பத்தைந்தரை, கழித்தால் முப்பத்தொன்றரை. சொன்னது ஞாபகம் இருக்கிறது. எழுதியது? டைல்ஸைப் பெயர்த்தா பார்க்க முடியும்? "நாலு கழிக்க மறந்துட்டேன் போல," என்றார் மெதுவாக. "இருவத்தெட்டு வருஷத்துல இந்த மாதிரி ஆனதில்ல மேடம்." கல்லை எடுத்தால் உடைந்துவிடும், புதுக் கல், புது டைல்ஸ், எல்லாம் முதலிலிருந்து. தன் செலவில் மாற்றித் தருவதாகச் சொன்னார்.

"பரவாயில்ல கேசவன், விடுங்க," என்றாள் மிருதுளா. "மனுஷங்கதானே."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். வேறு வீடாக இருந்தால் என்ன பேச்சுப் பேசியிருப்பார்கள் என்றார். ஷ்யாம்சுந்தர்கூட அன்று ராத்திரி, "உனக்குப் பெரிய மனசு மிது," என்று மெச்சினான். மிருதுளா தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

புது மேடையில் அருள்மேரி சமைப்பதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. கல் அவள் முழங்கைக்கு நேராக நின்றது. கடாயில் கிளறத் தோளைத் தூக்க வேண்டும். குக்கருக்குள் பார்க்க நுனிக்காலில் ஏற வேண்டும். கடுகு வெடித்தால் முகத்தில் தெறித்தது. கேசவன் குற்ற உணர்ச்சியில் நீளமாக ஒரு கால் பலகை செய்து கொண்டுவந்து போட்டார். இரண்டு நாள் அதன் மேல் நின்றாள். மூன்றாம் நாள் ரசப் பாத்திரத்தோடு இறங்கும்போது தடுமாறி, நல்ல வேளையாக ரசம் தரையில் கொட்டியது. "சோறாக்கறதுக்கு சர்க்கஸ்காரியா நானு?" என்று பலகையைக் கொண்டுபோய்ப் பின்னால் சாத்திவிட்டாள்.

மிருதுளா தினம் காலையில் அரை மணி அங்கே நின்றாள். மேடை அவளுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. காபி போட்டாள், தோசை வார்த்தாள். பக்கத்தில் அருள்மேரி தோளைப் பிடித்துக்கொண்டு காய் நறுக்குவாள். பாவமாக இருந்தது என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், இருவரும் ஒரே மேடை முன் நிற்கும்போது, இந்த இடம் யாருக்கானது என்று பார்த்ததுமே தெரிந்தது. அது மிருதுளாவுக்கு இனித்தது. இனித்ததற்கு வெட்கப்பட்டு, வலிக்குத் தேய்த்துக்கொள்ள அவளே தைலம் வாங்கிக் கொடுத்தாள்.

இரண்டு மாதத்தில் அருள்மேரிக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை ஷ்யாம்சுந்தரிடம் சொல்லிவிட்டாள். "ரெண்டு தெரு தள்ளி சூர்யநாராயணன் சார் வூட்ல கூப்பிட்டுகினே கீறாங்க. அங்க மேடை தாழ கீது. நா போறேன் சார்." வைத்தீஸ்வரன் எழுந்து உள்ளே போய்விட்டார். சஹானா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். மிருதுளாவும் "இருங்களேன்" என்றாள். அந்தச் சொல்லில் சுரத்து இல்லை என்பது அருள்மேரிக்குத் தெரிந்ததோ என்னவோ, அவள் மிருதுளா பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது சமையலறை முழுசாக மிருதுளாவுடையது. ஐந்து மணிக்கு எழுந்தாள். போனில் பார்த்து, குறித்து வைத்து, உப்புப் பார்த்து, உயிரைக் கொடுத்துச் சமைத்தாள். சமையல் மோசமில்லை. யாரும் குறை சொல்லவில்லை. "நல்லா இருக்கு" என்றுகூடச் சொன்னார்கள். அருள்மேரியிடம் அவர்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. இன்னும் கொஞ்சம் போடு என்பார்கள், நேற்று வைத்ததுபோல இல்லை என்று சண்டை பிடிப்பார்கள், கடாயிலிருந்தே வழித்துத் தின்பார்கள். இந்த "நல்லா இருக்கு" விருந்தாளி சொல்கிற மாதிரி இருந்தது.

சஹானா சாயங்காலம் பசியில்லை என்றாள். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். டாக்டரிடம் போகலாமா என்று மிருதுளா பயந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சீக்கிரம் வந்தவள், குழந்தை வேனிலிருந்து இறங்கி, வீட்டுக்கு வராமல் இரண்டு தெரு தள்ளிப் போவதைப் பார்த்தாள். பின்னாலேயே போனாள். சூர்யநாராயணன் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, சஹானா எலுமிச்சம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அருள்மேரி பக்கத்தில் நின்று, குழந்தையின் பின்னலிலிருந்து அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். சஹானா வாய் ஓயாமல் பேசினாள். வீட்டில் அவள் பேசி எத்தனை நாள் ஆயிற்று?

மிருதுளா அங்கேயே திரும்பிவிட்டாள். அன்று அவளுக்கு எரிந்த எரிச்சலுக்கு முன்னால் இத்தனை நாள் எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அடுப்படியைப் பறித்தாயிற்று, அந்த வேலையையும் பறித்தாயிற்று. இருந்தும் அந்தப் பெண்ணிடம் எல்லாம் அப்படியே இருந்தது. தன்னிடம் நாலு இன்ச் உயரமான ஒரு கல் இருந்தது. ராத்திரி முழுக்க யோசித்து, காலையில் முடிவு செய்தாள்: அருள்மேரியைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான். தன் கண் முன்னால் இருந்தால் பொறாமைதான். கண்ணுக்குப் பின்னால் இருந்தால் குழந்தையே போய்விடும்.

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிகிற நேரம் பார்த்து, ஸ்கூட்டரில் அருள்மேரியின் வீட்டுக்குப் போனாள். ஒரு கூடம், ஒரு அடுக்களை. அருள்மேரி வாசல்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் மருமகள் ரேஷ்மா சமையலில் இருந்தாள்.

"அருள்மேரி, நீங்க இல்லாம எங்களால முடியல. சமையல்னா உங்க சமையல்தான்," என்றாள் மிருதுளா.

உள்ளேயிருந்து ரேஷ்மாவின் சிரிப்புக் கேட்டது. "எங்க அத்தையா? இங்க அத்த டீ போட வுட்டாகூட பாலு பொங்கி அடுப்பு நாசமாய்டும்ங்க. நா அடுப்பாண்டயே சேக்கறதில்ல."

அருள்மேரி பூண்டுத் தோலை ஊதினாள். இது அவளுக்குப் பழகிய பேச்சு என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நா வரமாட்டேன்மா," என்றாள். வேலைக்கு இருந்தபோது சொன்ன 'மேடம்' இப்போது இல்லை. "அந்தாண்ட வாக்கு குட்த்துட்டேன். தோளும் இப்பதான் கொஞ்சம் தேவல. எல்லாம் அந்தக் கேசவனால வந்த வென. சூர்யநாராயணன் சார் வூட்லயும் கிச்சன் மாத்தப் போறாங்க. அவரதான் கூப்டறதா இருந்தாங்க. வாணாம், அந்த ஆளுக்கு அளவு தெரியலனு நாந்தான் சொல்ட்டேன். பக்கத்து ரெண்டு வூட்லயும் சொல்லிகீறேன்."

மிருதுளா வந்த வழியே போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படிப் போயிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. கையெடுத்துக் கும்பிட்ட அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்து தொலைத்தது.

"கேசவன் தப்பா எடுக்கல," என்றாள். "அவர் போட்ட கோட்டை நான்தான் அழிச்சேன். நாலு இன்ச் மேல நான்தான் போட்டேன்."

அருள்மேரியின் கை நின்றது. பிறகு மடியிலிருந்து போனை எடுத்து, எண்ணைத் தேடி, அழுத்தி, நீட்டினாள். "அவராண்ட சொல்லு."

மணி போயிற்று. கேசவன் எடுத்ததும், "மேரியம்மாவா? தோளு எப்டி கீது?" என்றார்.

"நான் மிருதுளா பேசறேன்."

"மேடம்! நல்லா இருக்கீங்களா? மன்னிச்சுக்கோங்க மேடம், அந்த மேடை விஷயம் இன்னும் மனச அறுக்குது. எங்க அப்பாவுக்குக் கடைசில மறதி வந்து பெத்த புள்ளைங்களயே தெரியாமப் போச்சு. எனக்கும் ஆரம்பிச்சிருச்சோனு பயந்து தாம்பரத்துல டாக்டராண்ட போனேன். என்னென்னமோ கேள்வி கேட்டாரு. ஒண்ணும் இல்லன்ட்டாரு. அப்படியும் நம்பிக்கை வரல. இப்பல்லாம் ஒவ்வொரு அளவையும் மூணு தபா எடுக்கறேன்."

"உங்க அளவு சரியாத்தான் இருந்துச்சு கேசவன். நாலு கழிச்சுதான் எழுதியிருந்தீங்க. நீங்க போனப்புறம் நான் மாத்தினேன்."

அந்தப் பக்கமிருந்து பெரிய மூச்சு ஒன்று வந்தது. "அப்ப நா மறக்கல," என்றார் கேசவன். கோபிக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது அவருக்கு. இன்னொரு தடவை, "நா மறக்கல," என்றார். பிறகுதான் கேட்டார்: "ஏன் மேடம் அப்டி செஞ்சீங்க?"

"அதான், ஏன்?" என்றாள் அருள்மேரி. அவளுக்கும் அது கேட்டிருந்தது. "மேல வேணும்னா வாயத் தொறந்து கேட்டா போட்டுட்டுப் போறாரு. எதுக்கு இப்டி?"

மிருதுளா போனை அணைத்து அவள் கையில் கொடுத்தாள். மீட்டிங்கில் எத்தனையோ கேள்விகளுக்குச் சமாளித்துப் பதில் சொல்லிப் பழகியவள்தான். இங்கே சமாளிக்கவில்லை.

"பொறாமை," என்றாள்.

"யாரு மேல?"

"உங்க மேலதான்."

அருள்மேரி அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். கைப்பையைப் பார்த்தாள், தெருவில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தாள். "என்னாண்ட இன்னாமா கீது?"

"என் பொண்ணு பசிச்சா உங்ககிட்டதான் வரா. மாமா உங்க கையால சாப்பிட்டாதான் சாப்பிட்டதா நினைக்கிறார். என் வீட்டுக்காரர் கடையில நின்னு உங்களுக்குத்தான் போன் பண்றார். கேசவன் சுவர்ல உங்க பேரை எழுதினார். என் பேரு அந்த வீட்ல எங்கயுமே இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மாதிரி எனக்கு இருக்கக் கூடாதான்னு எரிஞ்சுது."

அருள்மேரி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. வாசல்படியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மடியிலிருந்த பூண்டையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். ஐம்பத்திரண்டு வருஷத்தில் யாரும் அவளைப் பார்த்துச் சொல்லாத ஒன்றை இப்போது ஒருத்தி வீடு தேடி வந்து சொல்லியிருந்தாள். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குப் புரியவில்லை.

"அடியே ரேஷ்மா! வெளில வா."

"அடுப்புல கீது அத்தே."

"எறக்கி வெச்சிட்டு வா சொல்றேன்."

ரேஷ்மா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். மாமியாரின் குரலில் இருந்த அதட்டல் அவளுக்குப் புதிது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா அத்தே?"

"இந்தம்மா இன்னா சொல்லுதுனு கேளு," என்றாள் அருள்மேரி. பிறகு மிருதுளாவின் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தபா சொல்லும்மா. அவ காதுல வுழல."

மிருதுளா ரேஷ்மாவைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னாள்.